படி இல்லாத வாகனம்

பெரிய பிக்கப் வாகனம் வாங்கும் ஆசையில் யாராவது என் கணவரிடம் யோசனை கேட்டு வந்தால், இவர் வாயைத் திறக்க முதல் நான் குறுக்கே விழுந்துவிடுவேன். தேத்தண்ணீரைக் கையில் கொடுத்து, "அதில என்னத்தை ஏத்தப் போறியள்?" என்று கேட்பேன். வந்தவர் முழிப்பார். "ஏத்த ஒண்டும் இல்லையெண்டால் போய் ஒரு நல்ல கார் வாங்குங்கோ. குடிச்சிட்டு வெளிக்கிடுங்கோ" என்பேன். என் வாய் பொல்லாதது என்று இங்கே ஜேர்மனியில் ரூர் பக்கத்தில் இருக்கிற தமிழ்ச்சனம் முழுக்க அறியும். அந்தப் பேரைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இருக்கவில்லை, ஒரே ஒரு தரம் தவிர.

எங்களிடமும் அப்படி ஒரு வாகனம் நின்றது. அமெரிக்க வாகனம். முன்னுக்கு ஆட்கள் இருக்கிற அறை, பின்னுக்குத் திறந்த பெட்டி. கம்பனியில் இருந்து வரும்போதே உயரமானது. அதை வைத்திருந்த அமெரிக்க இராணுவக்காரன் இன்னும் ஒரு சாண் தூக்கி, உழவு இயந்திரத்துக்குப் போடுகிற மாதிரி ரயர்களும் போட்டிருந்தான். அதன் மூக்கு என் கழுத்து மட்டத்துக்கு வரும். நாங்கள் இருந்ததோ மூன்றாம் மாடியில் ஒரு சின்ன ஃபிளாட். இவருக்கு வேலை இரும்பு வார்க்கிற தொழிற்சாலையில். அதற்குப் போக ஒரு சைக்கிளே போதும்.

பிறகு ஏன் வாங்கினார் என்றால், தம்பிக்காக. இவருடைய கடைசித் தம்பி வன்னியில் இருந்தான். இவர் நாட்டைவிட்டு வெளிக்கிட்டபோது அவன் பள்ளிக்கூடத்துக்குக்கூடப் போகத் தொடங்கவில்லை. வளர்ந்து, யாரோ ஒருவருடைய உழவு இயந்திரத்தில் மணலும் கல்லும் ஏற்றிக் கூலிக்கு ஓடிக்கொண்டிருந்தான். சண்டை நின்று, சமாதானம் என்று சொல்லி, வன்னிக்கு ஊடாகப் போகிற கண்டி வீதி திறந்த காலம் அது. கனடாவில் இருக்கிற இவருடைய அக்கா, பாதை திறந்திருக்கிறபோதே தம்பியைக் கொழும்புக்கு வரச்சொல்லி, அங்கிருந்து தன்னிடம் எடுப்பதற்கு எல்லா ஒழுங்கும் செய்து வைத்திருந்தா. இவர்தான் மறித்தார்.

"ஏன்ரா அங்க போய்க் குளிருக்கை கோப்பை கழுவப் போறாய்? நான் படுற பாடு காணாதே? நான் உனக்கு ஒரு வாகனம் அனுப்புறன். உந்தக் குண்டும் குழியும் அதுக்கு ஒண்டுமே இல்லை. நீ முதலாளியா இரு" என்று போனில் சொன்னதை நான் குசினியில் நின்று கேட்டேன். தம்பி கனடாவை விட்டுவிட்டான். அன்றையிலிருந்து அவனுடைய சீவியம் இந்த வாகனத்தில் தொங்கத் தொடங்கியது.

தெற்கே ப்ஃபால்ஸ் பக்கம் அமெரிக்கப் படைமுகாம்கள் இருக்கின்றன. அங்கே ஊருக்குத் திரும்புகிற இராணுவக்காரர்கள் தங்கள் வாகனங்களை விற்றுவிட்டுப் போவார்கள். இவர் போய் ஒன்றைக் கண்டுபிடித்து, என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் சுற்றிவரப் பார்த்துவிட்டு, "ஏணி எங்கை?" என்று கேட்டேன். கால் வைக்க ஒரு படிகூட இல்லை. விற்க நின்ற அந்த வெள்ளைப் பிள்ளை, இருபத்தைந்து வயதிருக்காது, சிரித்துக்கொண்டு ஒரு எட்டில் பாய்ந்து ஏறிக் காட்டினான். இவரும் பாய்ந்தார். பாதி ஏறித் தொங்கினார். இறங்கி வந்த முகத்தைப் பார்க்க வேண்டும், கலியாணத்தன்றுகூட இவ்வளவு சந்தோசம் இல்லை.

வாங்கியாயிற்று. இனி அதோடு சீவிப்பது என்றால் என்னவென்று சொல்கிறேன், கேளுங்கள்.

முதலாவது, அது குடிக்கிற குடி. பெற்றோல் நிலையத்தில் இவர் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார், நிற்பார், நின்றுகொண்டே இருப்பார். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் பெற்றோல் அடித்து, காசு கட்டி, கோப்பியும் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நிலக்கீழ்த் தரிப்பிடம் ஒன்றுக்குள்ளும் அதைக் கொண்டுபோக ஏலாது, கூரை இடிக்கும். தெருவில் விட்டால் பாதித் தெரு அடைபடும். கட்டடத்தைப் பார்க்கிற ஹவுஸ்மைஸ்டர் கிழமைக்கு ஒருக்கால் மணி அடித்து, கீழ் வீட்டு ஜன்னலுக்கு வெளிச்சமே வரவில்லை என்று சண்டைக்கு வந்தான். அவன் சொன்னதும் நியாயம்தான். எனக்கோ அதை ஓட்டச் சட்டத்தில் இடமே இல்லை. இவருடையது பழைய லைசென்ஸ், பெரிய பாரத்துக்கும் செல்லும். நான் பிறகு எடுத்தவள், சாதாரணக் காரோடு சரி. இவர் இரவு வேலை முடித்து நித்திரை என்றால், வாசலில் மலைபோல ஒரு வாகனம் நிற்க, நான் அரிசி மூட்டையோடு பஸ்ஸுக்கு நிற்பேன்.

அடுத்தது முதுகு. பாரம் இழுக்கவென்று செய்த வாகனம் வெறுமையாக ஓடினால் கல்லுக்கு மேல் இருந்து ஓடுகிற மாதிரித்தான் இருக்கும். இந்த வழுவழுப்பான ஜேர்மன் ரோட்டிலேயே என் பல்லெல்லாம் ஆடியது. இவர் பின்பெட்டியில் மணல் மூட்டை அடுக்கினார். அது கொஞ்சம் அடங்கியது, பெற்றோல் இன்னும் ஏறியது.

வாகனச் சோதனைக்காரர்களிடம் கொண்டுபோனபோது அவர்கள் விட்டபாடில்லை. ரயர் மட்காட்டுக்கு வெளியே நிற்கிறது என்றார்கள், லைற் எதிரே வருகிறவனின் கண்ணில் அடிக்கிறது என்றார்கள், தூக்கிப் பூட்டின வில்லுகளுக்கு அத்தாட்சி எங்கே என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு ரெர்மின், திரும்ப வரச்சொல்லி ஒரு நாள் குறித்துத் தருவார்கள். கடைசி ரெர்மினுக்கு நானும் போனேன். சோதித்த மனுசன் நல்லவன். கையைத் துடைத்துக்கொண்டு, "தூக்கினது பார்க்க அழகுதான். ஆனால் உயரம் கூடக்கூட, பாரம் ஏற்றினால் வளைவில் சரியப் பார்க்கும். முன்சில்லு மூட்டுகளும் கெதியில் தேயும். வேலைக்கு என்றால் தூக்காத வாகனம்தான் நல்லது" என்று ஆறுதலாகச் சொன்னான்.

வெளியே வந்து இவர் என்னிடம், "நல்ல உறுதியான வாகனமாம்" என்றார்.

"எனக்கும் டொச் பாஷை விளங்கும்" என்றேன்.

இதெல்லாம் போகட்டும், எனக்கு அந்த ஏறுகிற பாடுதான் பெரும்பாடு. பக்கத்தில் ஒரு படி பூட்டுங்கோ என்று எத்தனை தரம் கெஞ்சியிருப்பேன். "படி பூட்டினா வடிவு கெட்டுப்போம். அங்க ரோட்டில கல்லு, வேர் எல்லாம் தட்டி உடைச்சுப்போடும். அவன் இளந்தாரி, அவனுக்கேன் படி?" என்பார். எனக்காக ஒரு மரக்குத்தி செய்து பச்சை வர்ணமும் பூசித் தந்தார். நான் ஏறவேண்டும் என்றால் இவர் இறங்கி, பின்பெட்டியில் கட்டி வைத்த குத்தியை எடுத்துவந்து கீழே வைத்து, நான் ஏறின பிறகு திரும்பக் கொண்டுபோய்க் கட்டி, ஓடிவந்து தான் ஏறுவார். சந்தியில் பார்த்து நிற்கிற வெள்ளைக்காரர் நான் ஏதோ மகாராணி என்று நினைத்திருப்பார்கள்.

பூசை செய்யாமல் தம்பிக்கு அனுப்ப ஏலாது என்று ஊன்ட்றொப் அம்மன் கோவிலுக்குக் கொண்டுபோனோம். சேலையோடு அதிலிருந்து இறங்கினேன், இல்லை, இறக்கப்பட்டேன். கோவில் வாசலில் நின்ற பெண்டுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஐயர் சந்தனம் வைக்கக் கையை நீட்டினார், எட்டவில்லை. என் குத்தியைக் கொண்டுபோய் வைத்தோம். அதில் ஏறி நின்று வைத்துவிட்டு, "உது ஆருக்குப் பிள்ளை?" என்று கேட்டார். "ஊரில இவற்றை தம்பிக்கு" என்றேன். ரயருக்குக் கீழே வைத்த எலுமிச்சம்பழங்கள் நசிந்த சத்தம்கூட மேலே இருந்த எங்களுக்குக் கேட்கவில்லை. அன்று எனக்கும் மனம் நிறைந்துதான் இருந்தது. எவ்வளவு திட்டினாலும், போய்ச் சேர்ந்தால் அந்தப் பிள்ளை சீவித்துவிடும் என்று நானும் நம்பினேன்.

அண்ணனும் தம்பியும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் கதைப்பார்கள். தம்பி ஊரிலுள்ள தொலைபேசிக் கடையில் வந்து காத்திருப்பான். கதை எல்லாம் வாகனம்தான். எத்தனை மணல் ஏறும், சேற்றில் எந்த கியர், குளத்துக் கட்டில் ஓடுமா. "எவ்வளவு உயரம் அண்ணை?" என்று கேட்டு, இவர் நாடாவால் அளந்து சொல்ல, அங்கே அந்த உயரத்துக்கு ஒரு கொட்டில் போட்டான். பனைமரச் சிலாகையும் கிடுகும். சனம் "யானைக்கோ கட்டுறாய்?" என்று பகிடி பண்ணுதாம் என்று சொல்லிச் சிரித்தான். "படி இல்லையாம், ஏறுவீரோ தம்பி?" என்று நான் போனை வாங்கிக் கேட்டேன். "நான் பாய்ஞ்சு ஏறுவன் அண்ணி. நீங்கள் வாங்கோ, உங்களைத் தூக்கி ஏத்திறன்" என்றான். அவனை நான் நேரில் கண்டதே இல்லை. அந்தச் சிரிப்பு மட்டும்தான் தெரியும்.

கப்பலில் ஏற்றுவதற்கு, ஊருக்குச் சாமான் அனுப்புகிற ஒரு தமிழரிடம் போனோம். அவர் வாகனத்தைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், "சோக்கான வாகனம் அண்ணை" என்றார். பிறகு கதவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார்.

"அண்ணை, ஸ்ரியரிங் இடப்பக்கம்."

"ஓம்" என்றார் இவர், அதற்கென்ன என்ற மாதிரி.

"அங்க வலப்பக்கம் எல்லோ. இதைக் கொண்டுபோனா ஓட விடமாட்டாங்கள். துறைமுகத்தாலேயே வெளியில எடுக்க ஏலாது."

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். நாங்கள் இரண்டு பேரும் ஊரில் சைக்கிளைத் தவிர வேறு ஒன்றும் ஓட்டினதில்லை. வாகனம் ஓட்டப் பழகியது இங்கே, இந்தக் கையால் கியர் போட்டு, இந்தப் பக்கத்தில் இருந்து. பதினைந்து வருடத்துக்கு மேலாக வாகனம் என்றால் எங்களுக்கு இதுதான், ஊரில் பஸ்காரன் எந்தப் பக்கம் இருந்தான் என்பதே மறந்துவிட்டது. வேறு யாரும் ஒரு தரமாவது ஊருக்குப் போய்ப் பஸ்ஸில் ஏறியிருந்தால் கண்டிருப்பார்கள். எங்களிடம் இருந்ததோ அகதிக் கடவுச்சீட்டு, எந்த நாட்டுக்கும் போகலாம், அந்த ஒரு நாட்டைத் தவிர. தம்பியோ நாள் முழுக்க அங்கே ஓடுகிறவன், அவனுக்குச் சந்தேகமே வந்திருக்காது. நாங்கள் அவனுக்கு அனுப்பின வாகனப் படங்களிலும் கண்ணாடியெல்லாம் கறுப்பு. அண்ணனும் தம்பியும் அத்தனை ஞாயிற்றுக்கிழமை கதைத்தும், ஸ்ரியரிங் எந்தப் பக்கம் என்பதை மட்டும் கதைக்கவில்லை.

வரும் வழியில் என் வாயே அடைத்துப்போனது என்றால் பாருங்கள்.

அதற்குப் பிறகுதான் சண்டை. "தம்பிக்கு உள்ளதைச் சொல்லுங்கோ. பாதை திறந்திருக்கு. அக்காட்டைப் போகட்டும்" என்றேன். இவர் மாட்டேன் என்றார். ஸ்ரியரிங்கை மாற்றிப் பூட்டலாமாம், எங்கேயோ ஒரு கராஜில் செய்வார்களாம். கராஜ் கராஜாக அலைந்தார். ஒருவன் ஏலாது என்றான், ஒருவன் ஓம் என்று இழுத்தடித்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் தம்பிக்கு, "ஒரு சின்னப் பேப்பர் அலுவல் கிடக்கு, முடிஞ்ச உடன ஏத்துறன்" என்பார். தம்பிக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, அவன் முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் இவருக்கு. இவர் கெட்ட மனுசன் இல்லை. வெட்கம் பிடித்த மனுசன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க ஏலாமல் போனைப் பறித்தேன்.

"தம்பி, கேளும். அந்த வாகனம் வராது. ஸ்ரியரிங் மற்றப் பக்கம். அங்க ஓட ஏலாது. நீர் அதைப் பாத்துக்கொண்டிராமல் கொழும்புக்கு வெளிக்கிடும்."

மறுமுனையில் அந்தச் சிரிப்பு. "அண்ணி, அண்ணை அப்பவே சொன்னவர், அண்ணிக்கு இந்த வாகனத்தைக் கண்ணிலயும் காட்டக்கூடாது எண்டு. இனி ஸ்ரியரிங்கிலயும் பிழை பிடிச்சிட்டீங்களே?"

"பகிடி இல்லையடா தம்பி, உண்மையைச் சொல்லுறன்!"

"சரி சரி, அண்ணையிட்டைக் குடுங்கோ."

இவர் போனை வாங்கி, என்னைப் பார்க்காமல், "அது ஒண்டுமில்லையடா, மாத்திப் பூட்டலாம்" என்றார். நான் குசினிக்குள் போய் நின்று அழுதேன். அந்த வாகனத்தைப் பற்றி நான் சொன்ன பகிடி எல்லாவற்றையும் தம்பி கேட்டுச் சிரித்திருக்கிறான். ஒன்றே ஒன்று பகிடி இல்லாமல் சொன்னேன், அதையும் சிரித்துவிட்டான்.

அதற்குப் பிறகு பாதை மூடிவிட்டது. முதலில் சில நாளைக்கு என்று நினைத்தோம். பிறகு போன் கடையும் இல்லாமல் போனது. சண்டை தொடங்கியது என்று இங்கே ரெலிவிசனில் காட்டினார்கள். கனடா அக்கா போன் எடுத்து இவரை ஏசினா. இவர் போனைக் காதில் வைத்தபடி எல்லாவற்றையும் கேட்டார்.

வாகனத்தை வில்லுங்கோ என்று நான் சொல்லவில்லை. இவர் அதன் நம்பர் தட்டைக் கழற்றி, நகரத்துக்கு வெளியே ஒரு விவசாயியின் வைக்கோல் கொட்டகையில் கொண்டுபோய் விட்டார். சனிக்கிழமைகளில் போய் இயந்திரத்தை ஓடவிட்டு, ரயருக்குக் காற்று அடித்துவிட்டு வருவார். நிற்கிற வாகனத்துக்கும் செலவு இருக்கிறது, அதுவும் ஒரு பாடம். பற்றரி இறங்கும், ரயர் வெடிக்கும், எலி வயரைக் கடிக்கும். நான் கூடப் போனால் வெளியே நின்றுகொள்வேன். உள்ளே போனால் அந்த மற்றக் கொட்டில் கண்ணுக்குள் வந்துவிடும்.

சண்டையின் கடைசி வருடத்தில் நாங்கள் சாப்பிட்டோமா, நித்திரை கொண்டோமா என்று எனக்கு ஞாபகம் இல்லை. இவர் தொழிற்சாலைக்குப் போவார், வருவார், ரெலிவிசனுக்கு முன்னால் இருப்பார். சண்டை முடிந்துவிட்டது என்றார்கள். சனம் எல்லாம் முட்கம்பி முகாமுக்குள் என்றார்கள். இருக்கிறானா இல்லையா என்று யாரைக் கேட்பது?

ஒரு பின்னேரம் தெரியாத நம்பரில் இருந்து அழைப்பு வந்தது. இவர் எடுத்து, "ஆர்?" என்றார். பிறகு சுவரோடு சாய்ந்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். நான் பக்கத்தில் இருந்து போனில் காதை வைத்தேன். முகாமுக்குள் யாரோ ஒருவருடைய போனில் ஒளித்துக் கதைக்கிறான். குரல் அவனுடையதுதான், ஆனால் மெலிந்து போயிருந்தது.

"அண்ணை, அந்தக் கொட்டில் நல்ல உயரமா இருந்ததாலை இடம்பெயர்ந்து வந்த சனம் நிறைய அதுக்குள்ள இருந்தது. கடைசியா நான் வெளிக்கிடேக்கையும் அது விழேல்லை."

இவர் அழுகிற சத்தம் அங்கே கேட்டிருக்க வேண்டும்.

"அழாதேங்கோ அண்ணை. நான் இருக்கிறன் தானே. வாகனத்தை வித்துப்போடுங்கோ. ஷெல் பட்டு வலக்கால் தொடையோட போயிட்டுது. இனி எனக்குப் பாய்ஞ்சு ஏற ஏலாது." பிறகு, "அண்ணியிட்டைச் சொல்லுங்கோ, அண்டைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது எண்டு" என்றான். நான் "தம்பி" என்று கூப்பிட, அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை இவர் என்னை எழுப்பி, வா என்றார். கொட்டகையில் வாகனத்துக்குக் கீழே ஒரு சாக்கை விரித்துப் படுத்தார். பக்கத்தில் புதுக் கடதாசிப் பெட்டி. அதற்குள் இரண்டு இரும்புப் படிகள். நான் எத்தனை வருடமாகக் கேட்டுப் பூட்டாத படிகள். நம்பர் இல்லாத, எங்கேயும் போகாத வாகனத்துக்கு மத்தியானம் வரை கீழே கிடந்து, இரண்டு பக்கமும் பூட்டி முடித்தார். நான் நட்டு இறுக்கிற சாவிகளை எடுத்து எடுத்துக் கொடுத்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

எழும்பி, கையைத் துடைத்து, வலப்பக்கக் கதவைத் திறந்தார். ஊரில் ஓட்டுகிறவன் இருக்கிற பக்கம்.

"ஏறிப் பார்" என்றார்.

படியில் கால் வைத்து ஏறினேன். எவ்வளவு சுகமாக இருந்தது! "நல்லா ஏறலாம்" என்றேன்.

"அப்பிடியில்லை. இறங்கு. வலக்காலை மடக்கிக்கொண்டு ஏறிப் பார்."

நான் இறங்கினேன். வலக்காலை மடக்கி, உள்ளே இருந்த கைபிடியை இரண்டு கையாலும் பற்றி, இடக்காலால் எம்பினேன். வழுக்கியது. திரும்ப எம்பினேன். முழங்கால் இரும்பில் அடித்து உரிந்தது. இவர் உதவிக்கு வரவில்லை, பார்த்துக்கொண்டே நின்றார். எனக்குக் கண்ணீர் ஓடியது, ஆனால் விடவில்லை. கடைசியில் எப்படியோ இழுத்து ஏறி, ஆசனத்தில் விழுந்தேன்.

"ஏறலாமோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். "தம்பி ஏறுவான்."

இவர் தலையை ஆட்டினார். பிறகு அந்தப் படியில் குந்தி, முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். நான் மேலே இருந்து எட்டி இவருடைய தோளைத் தொடப் பார்த்தேன். வாகனம் உயரம், கை எட்டவில்லை.